மஞ்சள் வண்டிக்கு ஜோசியர் சொன்ன விலை

ஒரு வாரமாக ஜோசியருக்கு மஞ்சள் நிறமே ஆகவில்லை. எலுமிச்சம்பழக் கடையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டார். பள்ளிக்கூடப் பேருந்து வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். வீட்டில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. அந்த ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் நிலநடுக்கம் என்று பயந்து பாஸ்போர்ட்டும் கையுமாகத் தெருவுக்கு ஓடினார்கள். நின்றால் நடக்கத் தோன்றியது, நடந்தால் படுக்கத் தோன்றியது, படுத்தால் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கத் தோன்றியது. திறந்தால் உள்ளே ஒரு வாழைப்பழம் மஞ்சளாகச் சிரித்தது.

அவர் நிஜ ஜோசியர் இல்லை. கட்டமும் தெரியாது, கிரகமும் தெரியாது. கார்களைக் குத்தகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில் வேலை. இன்றைக்குக் கடையிலிருந்து புத்தம் புதிதாக வெளியே வருகிற கார், நாலு வருஷம் ஓடித் திரும்பி வந்தபின் என்ன விலைக்குப் போகும் என்று இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் சம்பளம், அதற்குத்தான் அந்தப் பட்டப்பெயர்.

விஷயம் எளிது. புது விலை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் கழித்து ஐம்பது கிடைக்கும் என்று அவர் சொன்னால், வண்டியைக் குத்தகைக்கு எடுப்பவர் பாக்கி ஐம்பதை மாதாமாதம் கட்டித் தீர்க்க வேண்டும். தொண்ணூறு கிடைக்கும் என்று சொன்னால் பத்தைக் கட்டினால் போதும். சொன்ன விலை கிடைக்காமல் போனால் துண்டு விழுவது கம்பெனியின் தலையில். ஆகவே விற்பனைப் பிரிவு அவரைக் கொஞ்சும், கணக்குப் பிரிவு அவரைக் கிள்ளும். கொஞ்சல், கிள்ளல் இரண்டுக்கும் மசியாமல் இருபத்தைந்து வருஷம் ஓட்டியிருந்தார். சொன்னதெல்லாம் பலித்தது. ஒரு தடவை, நாலு வருஷம் கழித்து வண்டியை வாங்கப் போகிறவர் மீசை வைத்திருப்பாரா மாட்டாரா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார் என்று கேன்டீனில் இன்றும் பேச்சு.

அப்புறம் அந்த மஞ்சள் வண்டி வந்தது.

இரண்டே சீட்டு. கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். சாவியைத் திருகினால் அது போடுகிற சத்தத்தில் மூன்று தெரு தள்ளித் தூங்குகிறவன் எழுந்து உட்கார்ந்து, 'யாரு?' என்பான். உள்ளே ஏறப் படுக்க வேண்டும், வெளியே வரத் தவழ வேண்டும். கையால் கியர் மாற்றுகிற கடைசி மாடல் இது, இனிமேல் எல்லாம் பேட்டரிதான் என்று தயாரித்தவர்கள் தமுக்கடித்திருந்தார்கள். ஜோசியர் யோசித்தார். இவ்வளவு விலை, இவ்வளவு சத்தம், இவ்வளவு முதுகுவலி, யார் வாங்குவார்கள்? ரொம்பக் கொஞ்சம் பேர். ஆனால் நாலு வருஷம் கழித்து ஏங்குகிறவர்கள் நிறைய இருப்பார்கள், வண்டிதான் இருக்காது. ஆகவே விலை இறங்காது. தொண்ணூறு.

கணக்கு சரி. அதில் ஒரே ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு ரயிலே போகலாம்.

தொண்ணூறு என்று அவர் சொன்னதும் மாதக் குத்தகை தரையில் விழுந்தது. சாம்பல் நிறக் குடும்பக் காரைவிட இந்தப் பந்தய வண்டி மலிவாகிவிட்டது. 'ஜோசியரே சொல்லிட்டார்' என்று மற்ற கம்பெனிகளும் அதே எண்ணைக் காப்பியடித்தன. நூலகர் எடுத்தார், மருந்துக்கடைக்காரர் எடுத்தார், வயலின் வாத்தியார் எடுத்து வயலினைப் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்தார். தொழிற்சாலை மூன்று ஷிஃப்ட் ஓடியது. அரிதாக இருக்கும் என்பதால் விலை நிற்கும் என்று அவர் சொன்னார். விலை நிற்கும் என்று சொன்னதாலேயே ஊர் முழுக்க மஞ்சளாகிவிட்டது. அது நடந்து மூன்று வருஷம் ஆயிற்று. இத்தனையும் வருகிற வருஷத்தில் ஒரே மூச்சாகத் திரும்பி வந்து நிற்கப் போகின்றன. போன திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் அதைப் பார்த்தபோதுதான் அவர் கால் ஆட ஆரம்பித்தது.

அடுத்த திங்கட்கிழமை கூட்டம். அதில் புது எண்ணைச் சொல்லியாக வேண்டும். புது எண் ஐம்பத்தைந்து. சொன்ன நிமிஷத்தில் சந்தையில் எல்லா மஞ்சள் வண்டிகளின் விலையும் தொப்பென்று விழும். அதுவரை வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டால் வேலை போய்விடும்.

கம்பெனியின் நஷ்டத்தை நினைத்தா இப்படி ஆடினார்? கம்பெனிக்கு ஆயிரம் கால். அவர் ஆடியது மச்சினனை நினைத்து.

மனைவியின் தம்பி பல் டாக்டர். இன்னொருவருடைய கிளினிக்கில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கிறவன். சொந்தக் கிளினிக்குக்காகப் பத்து வருஷமாகச் சேர்த்த பணத்தை பேங்க்கில் வைத்திருந்தான். அப்படியிருந்தவனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் ஜோசியர் குஷியாக இருந்து தொலைத்தார். "பேங்க்ல போட்டா என்ன குடுக்கறான்? அந்த மஞ்சள் வண்டி இருக்கே, அது வண்டியே இல்லைடா, நாலு சக்கரம் வச்ச தங்கக்கட்டி!" என்று சொல்லி அப்பளத்தை நொறுக்கினார். மறுவாரம் பையன் தங்கக்கட்டியோடு வந்து வாசலில் ஹார்ன் அடித்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி கேட்டாள். "என்னங்க, எதுக்கு இப்படி மேஜையை ஆட்டறீங்க? குழம்பு அலையடிக்குது."

சொல்லக் கூடாது என்று வாயை இறுக்கினார். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளிடம் வாயை இறுக்கி என்ன பிரயோசனம்? ரசம் வருவதற்குள் எல்லாம் வந்துவிட்டது.

"இவ்வளவுதானே? ஞாயித்துக்கிழமைக்குள்ள வித்துடுடான்னு சொல்லுங்க."

"அது ஆபீஸ் ரகசியம்."

"அவன் பணத்தைக் கொண்டுபோய் அதுல போடச் சொன்னப்போ ரகசியமா சொன்னீங்க? தெருவுக்கே கேட்டுது!"

"நான் சொல்லி அவன் வித்தா, வாங்கறவன் தலையில இடி விழுமே?"

"வாங்கறவன் எவனோ பணக்கார வீட்டுப் பையனா இருப்பான். அவனுக்கு இது ஒரு செருப்பு வாங்கற மாதிரி. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவனுக்கு இருக்கறது ஒரே வாழ்க்கை."

சனிக்கிழமை காலையில் ஜோசியர் பல்வலி என்று பொய் சொல்லிக் கிளினிக்குக்குப் போனார். தனியாகப் பேச வேறு சாக்கு கிடைக்கவில்லை. மச்சினன் அவரை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை அடித்துப் பார்த்து, "அய்யய்யோ அத்தான், எப்படித் தாங்கறீங்க? உள்ளே ஒரு மாட்டு வண்டியே திரும்பலாம் போலிருக்கே" என்றான். பொய்க்கு வந்த இடத்தில் நிஜமாகவே சொத்தை. மறுப்பதற்குள் ஊசி இறங்கிவிட்டது. நாக்கு நனைந்த மெத்தை மாதிரி கிடந்தது. மேலே பஞ்சு, பக்கத்தில் எச்சில் உறிஞ்சுகிற குழாய். அவர் எதைச் சொல்ல நினைத்தாலும் குழாய் அதைக் கொர்ரென்று உறிஞ்சியது.

மச்சினன் தோண்டிக்கொண்டே பேசினான். "வந்ததும் நல்லதாப் போச்சு அத்தான். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கிளினிக்குக்கு ஒரு இடம் வந்திருக்கு. தரைத்தளம், ரெண்டு ஜன்னல், வாசல்லயே பஸ் நிறுத்தம். திங்கட்கிழமை பதில் சொல்லணுமாம். அதே நேரத்துல வண்டிக்கும் ஒரு ஆள் வந்திருக்காங்க. தொண்ணூறு தர்றேங்கறாங்க. ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். கையில வந்த மொத்தப் பணத்தையும் இதுல போடறாங்களாம். 'கம்பெனிக்காரங்களே தொண்ணூறுன்னு சொல்றப்போ பயம் என்னப்பா'ங்கறாங்க."

ஜோசியரின் கால் நாற்காலியின் மிதியை மிதித்துவிட்டது. நாற்காலி அவரை மேலே கூரைக்குத் தூக்கிக் கீழே இறக்கியது.

"ஆடாதீங்க அத்தான், பல்லுன்னு நினைச்சு மூக்கைக் கிழிச்சிடப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் அந்த டீச்சர் வர்றாங்க. குடுத்துடவா, வச்சுக்கவா? நீங்க சொன்னா சரி. இந்த வண்டி விஷயத்துல எனக்கு நீங்கதான் எல்லாம்."

வாயில் இவ்வளவு பஞ்சு இருந்ததற்கு ஜோசியர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். 'நாளைக்கு' என்று கையால் காட்டிவிட்டு, உணர்வில்லாத உதட்டோடு பாதித் தெருவைத் தாண்டியபிறகுதான் பல் டாக்டரின் நீலத் துணி இன்னும் கழுத்தில் தொங்குவதைப் பார்த்தார்.

ஞாயிறு சாயங்காலம் மனைவியும் கூடவே கிளம்பிவிட்டாள். இவரைத் தனியாக அனுப்பினால் வானிலை பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மச்சினன் வீட்டுக் கார் ஷெட்டில் வண்டி மூன்று போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது. கிலோமீட்டர் ஏறினால் விலை குறையும் என்று அவன் அதை ஓட்டுவதே இல்லை. தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனான். மழை வந்தால் குடையைத் தனக்குப் பிடிக்காமல் ஷெட்டின் ஓட்டைக்குக் கீழே பிடித்தான். பூனை வண்டியின் மேல் ஏறாமல் இருக்கப் பூனைக்குத் தனியாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தான்.

டீச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, கண்ணாடிக்குப் பின்னால் வட்டமான கண்கள். நாற்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற கால்கள். மடக்கி மடக்கி வண்டிக்குள் இறங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பின் வெளிச்சத்தில் ஷெட்டின் பல்பை அணைத்துவிடலாம்.

ஜோசியரின் மனைவி டீச்சரைப் பார்த்தாள். பணக்கார வீட்டுப் பையனை நினைத்து வந்தவள், செருப்பைப் பார்த்தாள். ஒரு வார் பிய்ந்து கம்பி கட்டியிருந்தது. அவள் முகம் லேசாகக் கோணியது.

"டீச்சர்," என்று ஜோசியர் ஆரம்பித்தார். "இது முதுகுக்கு ஆகாத வண்டி."

"எனக்கு முதுகெல்லாம் பலகை மாதிரி இருக்குங்க."

"மழையில ஒழுகும்."

"குளிச்ச மாதிரி ஆச்சு."

"பை வைக்க இடமே கிடையாது."

"எல்லாரும் போயாச்சு. எனக்கு யாரோட பை?" என்றவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மச்சினனைக் கேட்டார். "இவர் யாருப்பா, வாங்க வந்தவங்களை விரட்டறார்?"

"இவர்தான் டீச்சர்!" மச்சினனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அந்தத் தொண்ணூறைச் சொன்னதே எங்க அத்தான்தான்!"

டீச்சர் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவ்வளவுதான், இனி இவரை வண்டியிலிருந்து பிரிக்க வெல்டிங் கடைக்காரன்தான் வரவேண்டும். "ஓஹோ! அதனாலதான் விரட்டறீங்களா? குடும்பத்துக்குள்ளயே அமுக்கிக்கலாம்னு?"

ஜோசியர் மச்சினனைப் பார்த்தார், கண்ணில் இரண்டு ஜன்னலும் பஸ் நிறுத்தமும் தெரிந்தன. டீச்சரைப் பார்த்தார், பிய்ந்த வார் தெரிந்தது. 'வித்துடு' என்றால் இவர் போனார். 'விக்காதே' என்றால் அவன் போனான். கால் ஆடியது, ஷெட்டின் தகரம் கடகடவென்றது. அவர் வாயிலிருந்து அவருக்கே தெரியாமல் வந்தது:

"வண்டியை நான் வாங்கிக்கறேன். தொண்ணூறு."

மனைவியின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அவர்களிடம் இருந்த பணம் ஒன்றே ஒன்றுதான். சமையலறையை இடித்துக் கட்டுவதற்காக அவள் பிடித்துப் பிடித்துச் சேர்த்தது. ஒழுகுகிற குழாய்க்கு அடியில் வாளி வைத்துப் பல வருஷம் பொறுத்துக்கொண்டு சேர்த்தது.

"தொண்ணூத்தொண்ணு!" என்றார் டீச்சர் வண்டிக்குள்ளிருந்து.

"டீச்சர், வேண்டாம்."

"சொன்னவரே வாங்கறார்னா விஷயம் இருக்கு. கணக்குப் போட எனக்குத் தெரியாதா? தொண்ணூத்திரெண்டு!"

"தொண்ணூத்தஞ்சு," என்றார் ஜோசியர், கிணற்றில் குதிக்கிறவன் மாதிரி.

டீச்சர் துணிப்பையைத் திறந்து உள்ளே பார்த்தார், உதட்டை அசைத்தார், மூடினார். அதற்கு மேல் அவரிடம் இல்லை. தவழ்ந்து வெளியே வந்தார். ஜோசியருக்கு உயிர் வந்தது. அதற்குள் மச்சினன் வண்டிக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"அத்தான், நான் குடுக்க மாட்டேன்."

"என்னடா?"

"நீங்களே தொண்ணூத்தஞ்சு குடுத்து வாங்கறீங்கன்னா அது இன்னும் ஏறப் போகுது. என்கிட்டயே மறைக்கறீங்க பார்த்தீங்களா! கிளினிக் இடம் போனாப் போகட்டும். நான் வச்சுக்கறேன்."

ஜோசியருக்குத் தலை சுற்றியது. இறங்கும் என்று தெரிந்து வாங்க வந்தால், அவர் வாங்குவதாலேயே ஏறும் என்கிறான். வாயைத் திறந்தால் எண் மாறுகிறது, மூடினாலும் மாறுகிறது. மனைவியைப் பார்த்தார். அவள் கீழே விழுந்த பையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரின் செருப்பை ஒரு தடவை பார்த்தாள், தம்பியை ஒரு தடவை பார்த்தாள், புருஷனின் ஆடுகிற காலைப் பார்த்தாள். அந்த ஷெட்டில் மூன்று பக்கமும் தெரிந்த இன்னொரு ஆள் அவள் மட்டும்தான்.

"டேய், சாவியைக் குடுடா."

"அக்கா, அத்தான் என்னை ஏமாத்தறார்!"

"ஆமாண்டா, ஏமாத்தறார். வயசாயிடுச்சு, வண்டி ஓட்ட ஆசை வந்துடுச்சு. அவருக்கு விட்டுக் குடுத்துட்டு நீ போய்க் கிளினிக்கை வாங்கு. இல்லேன்னா இனிமே உனக்கு நான் அக்கா இல்லை."

அவன் சாவியை நீட்டியபோது, பூனையைக் கொடுக்கிற குழந்தை மாதிரி கண் கலங்கியிருந்தது. டீச்சர் வாசலில் திரும்பி நின்றார். "படிச்சவங்கதானே நீங்க? ஒரு வயசான மனுஷியோட ஆசையில போட்டி போடறீங்களே, நல்லா இருங்க!" என்றார். நல்லா இருங்க என்று சொன்ன விதத்தில் ஜோசியருக்குக் காது மடல் கருகியது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மாடிப்படியில் மனைவி, "எவ்வளவு கையை விட்டுப் போகும்?" என்று கேட்டாள்.

"நூத்துல நாப்பது."

"சரி," என்றாள். அப்புறம் கதவைத் திறந்துகொண்டே, "நாளைக்குக் கூட்டத்துல மனசு மாறி அந்தப் பழைய தொண்ணூறையே சொல்லிட்டு வராதீங்க. அப்புறம் இதுக்கெல்லாம் அர்த்தமே இல்லாமப் போயிடும்," என்றாள்.

ஜோசியர் அன்றைக்குத் தூங்கவில்லை. சொந்தமாக ஒரு பொருளை வைத்துக்கொண்டு அதன் விலையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு இத்தனை வருஷம் தெரியாது. ஐம்பத்தைந்து கொஞ்சம் குறைவோ? அறுபது என்றால் தப்பா? அறுபத்தைந்து? விடிவதற்குள் அவர் மனசுக்குள் வண்டி எழுபதைத் தொட்டுவிட்டது. பல் தேய்க்கும்போது வெட்கப்பட்டு மறுபடி ஐம்பத்தைந்துக்கு இறக்கினார்.

கூட்டத்தில் நீள மேஜை. தலைமை இடத்தில் கம்பெனியின் நிர்வாகி அம்மாள். எதிரில் விற்பனைத் தலைவர். சூறாவளி என்றால்தான் ஆபீஸில் தெரியும். எந்த எண்ணைக் குறைத்தாலும் மேஜையைக் குத்தி, கண்ணீர் விட்டு, தன் பிள்ளைகளின் படிப்பைக் காட்டி அதை ஏற்றாமல் விடமாட்டார். அவர் வாதாடினால் கல்லும் தள்ளுபடி கேட்கும்.

"மஞ்சள் வண்டி," என்றார் ஜோசியர். "தொண்ணூறு இல்லை. ஐம்பத்தஞ்சு."

சூறாவளி எழுந்தார். சட்டைக் கையை மடித்தார். ஜோசியர் இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவரை ஆசையோடு பார்த்தார். பேசுடா ராசா என்று மனசுக்குள் சொன்னார். குத்து, அழு, ஒரு அறுபதுக்காவது கொண்டுபோ.

ஆனால் கம்பெனி விதி ஒன்று இருந்தது. எண் சொல்கிறவரிடம் அதே வண்டி இருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

"ஒரு விஷயம்," என்றார். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. நேத்து வாங்கினேன்."

"நேத்தா?" என்றார் நிர்வாகி அம்மாள். "என்ன விலைக்கு?"

"தொண்ணூத்தஞ்சு."

"இன்னிக்கு ஐம்பத்தஞ்சுன்னு சொல்லப் போறது தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாங்க. வீட்டு விஷயம்."

சூறாவளி மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டு உட்கார்ந்தார். "நான் எதுவும் சொல்லலைங்க," என்றார். குரலில் சாவு வீட்டு மரியாதை. "சொந்தப் பணத்தைப் போட்டுட்டு வந்து அந்த மனுஷன் குறைச்சுச் சொல்றார்னா, நிஜம் இன்னும் கீழேதான் இருக்கும். மனசு வராம அஞ்சு கூட்டிச் சொல்றாரோ என்னவோ."

"எனக்கும் அப்படித்தான் படுது," என்றார் கணக்குப் பிரிவுக்காரர். "ஐம்பதுன்னு வச்சுக்கலாம்."

"இல்லைங்க, ஐம்பத்தஞ்சு!" ஜோசியர் எழுந்தேவிட்டார். "நல்லாக் கணக்குப் போட்டேன். நல்ல வண்டிங்க! சத்தம் பிரமாதம். கூரை மடியும். கையால கியர்!"

எல்லோரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"ஐம்பது," என்று நிர்வாகி அம்மாள் குறித்துக்கொண்டார். "உக்காருங்க. தண்ணி குடிங்க. அடுத்தது, டெலிவரி வேன். அது என்ன போகும்?"